ஐந்தாவது முட்டுக்கட்டை

பாலினகாரா
1957 அக்டோபர் 20

அன்புள்ள மாலக்கி அண்ணனுக்கு,

தங்கை அட்ராக்டா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவின் இருமல்தான் கோடை போயும் போகவில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அந்த வீட்டுக்காரம்மா இன்னொரு போர்வை தந்தாரா?

ஒரு செய்தி. நம் நகரமண்டபத்தை வருகிற வசந்தத்தில் இடிக்கப் போகிறார்கள். நீ போனபோது இருந்ததைவிட மோசமாகிவிட்டது. கூரையைப் பிளந்துகொண்டு ஒரு மரம் வளர்ந்திருக்கிறது. மாடிப்படியில் காக்கைகள்தான் ஏறி இறங்குகின்றன. அதே இடத்தில் புதிதாக ஒன்று கட்டுவார்களாம். பழைய மண்டபத்தின் வரலாற்றை எழுதி, செப்புப் பெட்டியில் அடைத்து, புதிய கட்டடத்தின் அடியில் வைப்பார்களாம். பத்திரிகையிலும் வரும்.

நான் நகரசபை அலுவலகத்தில் பெருக்கிக் கணப்பு மூட்டுகிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா. கிளார்க் மிஸ்டர் ஹெஸ்லின் என் நிலக்கரிச் சீட்டை எடுத்துப் பார்த்தார்.

"இது யார் எழுதினது?"

"நான்தாங்க."

"பதினாலு வயசுல பள்ளிக்கூடத்த விட்டவ எழுத்தா இது? நீ பெருக்கறதவிட நல்லா எழுதற."

அதனால் ஊரார் சொல்வதையெல்லாம் சேர்த்து நல்ல தாளில் எழுதும் வேலை எனக்கு வந்திருக்கிறது. ஆட்களிடம் போய்க் கேட்கத்தான் பயம். உன்னிடம் கேட்கப் பயமில்லை. மண்டபத்தைப் பற்றி உனக்கு நினைவிருப்பதை எழுது. அப்பா உன் போன கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

உன் நலத்துக்கு மன்றாடும் தங்கை,
அட்ராக்டா


லெஸ்டர்
1957 நவம்பர் 3

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுகிறோம். காலையில் குனிந்தால் மாலையில்தான் நிமிர்கிறோம். முதுகு எப்படி இருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். மிசஸ் பிராட் போர்வை தரவில்லை, அறிவுரை தந்தார்.

மண்டபம் என்றால் எனக்குச் சினிமாதான். படம் போடும் டாம் கில்ஃபாய்ல் குடித்துவிட்டுப் படச்சுருள்களை மாற்றி மாட்டுவான். ஒருமுறை கதாநாயகன் முதலில் செத்தான், பிறகு கல்யாணம் செய்துகொண்டான். யாரும் வாய் திறக்கவில்லை. வெளியே வரும்போது நம் மாமா, "நல்ல முடிவு, சந்தோஷமா முடிச்சிருக்கான்" என்றார். இதை உன் தாளில் எழுது. பெட்டியைத் திறக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

வேறு எதுவும் நினைவில்லை. அப்பாவைப் பால் குடிக்கச் சொல்.

அன்புடன்,
மாலக்கி


பாலினகாரா
1957 நவம்பர் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று அப்பா இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தார். படச்சுருள் கதையை இரண்டு முறை படிக்கச் சொன்னார். எனக்கு விரல்களில் குளிர் வீக்கம், வேறொன்றுமில்லை. நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

வரலாறு பாதிக்கு மேல் வந்துவிட்டது. கம்பளியும் வெண்ணெயும் விற்பதற்காக ஜமீன் பிரபு கட்டியது. பஞ்ச காலத்தில் அதே வளைவுகளுக்கு அடியில் அண்டா வைத்துக் கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள். நாற்பது வருஷம் கழித்து, அந்தப் பிரபுவின் பேரனுக்குக் குத்தகை கொடுக்க மாட்டோம் என்று குடியானவர்கள் கூட்டம் போட்டதும் அவன் தாத்தா கட்டிய அதே மாடியில்தான். பிறகு விடுதலைப் போரின்போது சிப்பாய்கள் நம் ஆட்களை அங்கே அடைத்து வைத்தார்கள். சுவரில் அவர்கள் கீறிய பெயர்கள் இன்னும் இருக்கின்றன.

மாடியைத் தாங்கும் உத்தரத்தைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறேன், சரியா பார். "உத்தரம் பழையது. ஆகவே மாடியில் கூட்டம் கூடும் நாட்களில் காவலாளி கீழே ஐந்து வளைவுகளிலும் ஐந்து முட்டுக்கட்டைகள் வைப்பார். சந்தை நாளில் வண்டிகள் உள்ளே நுழைய வேண்டும் என்பதால் அவற்றை எடுத்துவிடுவார்."

அதற்கு அடுத்த வரியை ஹெஸ்லின் ஐயா தாமே எழுதி வைத்திருந்தார். நான் படியெடுக்க வேண்டியதுதான். "1953 ஜூன் 30 அன்று, சிறுவர் நடனப் போட்டியின்போது, காவலாளி பார்ட்லி ஃபீனியின் கவனக்குறைவால் மாடி இடிந்து வயலின்காரர் ஓவன் டுக்னன் உயிரிழந்தார்."

பேனாவை வைத்துவிட்டேன், அண்ணா. என் அப்பாவின் பெயரை வாழ்க்கையில் முதல்முறையாக நல்ல தாளில் எழுதப் போகிறேன், அது இப்படியா?

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "அந்த வரிய எடுத்துடலாங்களா?"

"மரண விசாரணையில உங்கப்பாவே ஒத்துக்கிட்டாரும்மா. நாலுதான் வச்சேன், அஞ்சாவத மறந்துட்டேன்னு."

"அஞ்சு வச்சாருங்க. நான் படுக்கையில இருந்து அஞ்சு தடவ சுத்தியல் சத்தம் கேட்டேன்."

"பன்னெண்டு வயசுப் பொண்ணு போர்வைக்குள்ள கேட்ட சத்தத்த வச்சு நான் என்ன பண்றது? கூட நின்னவங்க யாராவது கையெழுத்துப் போட்டுக் குடுத்தா எடுத்துடறேன். பிப்ரவரி முடியறதுக்குள்ள."

கூட நின்றது நீதானே. கட்டையைப் பிடித்துக்கொண்டது நீ, அடித்தது அப்பா. இரண்டு வரி போதும். "ஐந்து வைத்தார், நான் பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இந்த நாலரை வருஷமாக மிசஸ் டுக்னன் ரொட்டிக் கடையில் என் முகத்தைப் பார்க்காமல்தான் பொட்டலம் கட்டுகிறார். புருஷனை இழந்தவர், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அப்பா இருக்கும்போதே அந்த வரி போய்விட வேண்டும்.

காத்திருக்கும் தங்கை,
அட்ராக்டா


லெஸ்டர்
1957 டிசம்பர் 22

அன்புத் தங்கைக்கும் அப்பாவுக்கும்,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். சளி பிடித்திருந்தது, இப்போது பரவாயில்லை. பொட்டலத்தில் உனக்குக் கையுறை, அப்பாவுக்குக் கம்பளிப் பனியன். பள்ளத்தில் தண்ணீர் ஏறிவிட்டதால் பண்டிகைக்கு விடுப்பு இல்லை. வர முடியாது.

நீ கேட்டது எப்போதோ நடந்தது. எனக்கு எதுவும் சரியாக நினைவில்லை. நூறு வருஷம் மண்ணுக்குள் கிடக்கப் போகிற தாளை யார் படிக்கப் போகிறார்கள்? விட்டுவிடேன்.

இங்கே பண்டிகைக்கு வாத்துக்கறி என்கிறார் மிசஸ் பிராட். போன வருஷமும் அப்படித்தான் சொன்னார்.

மாலக்கி


பாலினகாரா
1958 ஜனவரி 8

அண்ணனுக்கு,

கையுறை சரியாக இருக்கிறது. பனியன் அப்பாவுக்குப் பெரிதாக இருக்கிறது. அவர் இளைத்துவிட்டார். டாக்டர் வந்து நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, வெளியே வந்து, "குளிர் போகட்டும், பார்க்கலாம்" என்றார். சளி முழுவதும் குணமாகிவிட்டதா உனக்கு?

விட்டுவிடச் சொல்கிறாய். நீ அங்கே இருக்கிறாய், உன்னால் முடியும். இங்கே அப்பா ஞாயிறுதோறும் கோயிலில் கதவோரம் நின்றுதான் பூசை காண்கிறார். உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்துகொள்வார், அவருக்கு ஏன் அந்தச் சிரமம் என்கிறார். நான் பள்ளியை ஏன் விட்டேன் என்று நீ கேட்டதே இல்லை. இடைவேளையில் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் தரையை மிதித்துப் பார்ப்பார்கள், "ஃபீனி வர்றா, தரை தாங்குமா பாரு" என்று.

அப்பாவிடமே கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"நாலுதான் வச்சேன். எழுதினது சரிதான்."

"அஞ்சு சத்தம் கேட்டுது அப்பா."

"ஒரு கட்டைக்கு ரெண்டு தடவ அடிச்சிருப்பேன். போய் அடுப்பப் பாரு."

பொய் சொல்லும்போது அவர் அடுப்பைப் பார்க்கச் சொல்வார். உனக்கும் தெரியும்.

நினைவில்லை என்று எழுதாதே, அண்ணா. ஐந்தா, நாலா? அதை மட்டும் எழுது.

அட்ராக்டா


பாலினகாரா
1958 பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணனுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. சுகமில்லையா என்று பயமாக இருக்கிறது. போன கடிதத்தில் கடுமையாக எழுதியிருந்தால் மறந்துவிடு.

நேற்று புனித பிரிஜிட் திருநாள். கோரைச் சிலுவை முடைந்து அப்பாவின் கட்டிலுக்கு மேலே மாட்டினேன். அவர் எழுந்திருப்பதில்லை. பாதிரியார் வந்து இறுதி எண்ணெய் பூசிவிட்டுப் போனார். மற்ற எல்லாப் பக்கங்களையும் எழுதி முடித்துவிட்டேன். ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அட்ராக்டா


லெஸ்டர்
1958 பிப்ரவரி 10

அட்ராக்டா,

உடம்பு நன்றாக இருக்கிறது. இதை ஆறு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஐந்து.

அந்த மாதம் கடைசித் திங்கள் சந்தை, புனிதர் திருநாளில் விழுந்ததால் வழக்கம்போல மறுநாள் செவ்வாய்க்குத் தள்ளிப்போனது. நடனப் போட்டிக்கும் அதே செவ்வாயை மார்ச்சிலேயே குறித்துவிட்டிருந்தார்கள். சந்தையும் மாடிக் கூட்டமும் ஒரே நாளில் வந்ததே இல்லை. வரும் என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பா விடியற்காலையில் ஐந்தையும் வைத்தார். "இன்னிக்கு வண்டியெல்லாம் தெருவுலதான் நிக்கணும், எவன் கேட்டாலும் விடாத" என்று என்னிடம் சொல்லிவிட்டு மாடி வாசலுக்குப் போனார்.

பத்தரை மணிக்கு மழை. கம்பளி ஏற்றிய வண்டி ஒன்று நின்றது. நனைந்தால் அந்த வருஷத்துக் கம்பளி வீண். நடுக்கட்டையை எடுத்தால் வண்டி நுழையும், மூட்டையை இறக்கி வண்டியைத் தள்ளிவிட்டுக் கட்டையைத் திரும்ப வைத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுத்தேன். யாருடைய வண்டி என்று கேட்காதே, எழுத மாட்டேன். ஏழு மூட்டைதான் இறக்கியிருப்பேன். மழைக்கு ஒதுங்கச் சந்தைக் கூட்டம் மாடிக்கு ஏறியது. என் தலைக்கு மேலே காலடிச் சத்தம் கூடிக்கொண்டே போனது. உத்தரம் முனகியது. நான் வெளியே குதித்தேன். மாடியோடு ஓவன் கீழே வந்தார்.

விசாரணையில் நான் பின்வரிசையில் நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு விசாரணை நடத்தியவரைப் பார்த்து, நாலுதான் வைத்தேன் என்றார். நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் செய்தேன். மூன்று வாரம் கழித்து என்னைப் பேருந்தில் ஏற்றிவிடும்போதும் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. "காலுறைய ஈரமா போட்டுக்காத" என்றார்.

இதையே தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். ஹெஸ்லினிடம் கொடு. அப்பாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மாலக்கி


பாலினகாரா
1958 பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. நீ சுகமாக இருப்பது நிம்மதி. கோபமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், வரவில்லை. உனக்கு அப்போது பத்தொன்பது வயது.

அப்பாவிடம் உன் தாளைப் படித்தேன். அவர் கண்ணை மூடியபடியே கேட்டார்.

"அடுப்புல போடு."

"மாட்டேன் அப்பா."

"நான் அம்பத்தாறு வயசுல சொன்னேன், அவன் இருபதுக்குள்ள சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? எனக்கு ஊர்ல மிச்சம் என்ன இருந்துது, கெட்டுப்போறதுக்கு? போடும்மா."

"எனக்கு இருந்துதே அப்பா. என்ன யாரும் நெனச்சுப் பாக்கலையே."

முதல்முறையாக அப்படிப் பேசினேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு, "இதுல நீ நெனைக்கறதவிட அதிகம் பேர் இருக்காங்க" என்றார். அதற்கு மேல் இருமல் வந்துவிட்டது.

நான் கேட்கப் போவதில்லை. புதன்கிழமை தாளை ஹெஸ்லின் ஐயாவிடம் கொடுத்துவிடுவேன். ஆனால் அதற்கு முன்னால் மிசஸ் டுக்னனிடம் படித்துக் காட்டுவேன். செத்தது அவர் புருஷன். பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்வது நியாயமில்லை. எப்படிப் பேசப் போகிறேனோ தெரியவில்லை.

அட்ராக்டா


லெஸ்டர்
1958 பிப்ரவரி 18

அட்ராக்டா,

மிசஸ் டுக்னனிடம் போகாதே. ஹெஸ்லினிடம் போ, அப்பாவிடம் சொல், யாரிடம் வேண்டுமானாலும் சொல். அவரிடம் மட்டும் போகாதே. தந்தி அடித்திருப்பேன். தபால் நிலையத்தில் படித்துவிட்டு ஊருக்கே சொல்வார்கள். இது நேரத்துக்குக் கிடைக்க வேண்டும்.

மாலக்கி


பாலினகாரா
1958 பிப்ரவரி 23

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. நான் புதன்கிழமையே போய்விட்டேன்.

சாம்பல் புதன். மிசஸ் டுக்னன் நெற்றியில் சாம்பல் பூசியிருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. நான் ரொட்டி கேட்கவில்லை, தாளை எடுத்தேன்.

"கதவச் சாத்து, காத்து வருது" என்றார்.

சாத்திவிட்டுப் படித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் பொட்டலம் கட்டும் நூலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். முடித்ததும் கேட்டார்.

"வண்டி யாருதுன்னு எழுதலையா அவன்?"

"எழுதலைங்க."

"எழுதமாட்டான். வண்டி என்னுது, கண்ணு."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

"எங்க ஆட்டுக் கம்பளி நனையுதுன்னு கேட்டேன். முடியாதுன்னுதான் சொன்னான் உங்கண்ணன். 'போடா, மீசை முளைச்சும் அப்பனுக்குப் பயந்து சாகறியே, ஒரு கட்டைதானே'ன்னு கேலி பண்ணேன். பக்கத்துல நின்ன வெளியூர்ச் சந்தைக்காரங்கல்லாம் சிரிச்சாங்க. எடுத்துட்டான். நான் வண்டியோட தெருப்பக்க முனையில உக்காந்திருந்தேன். மேல அவர் வாசிக்கறது கேட்டுது. இன்னிக்கு நல்லா வாசிக்கறாருன்னு நெனச்சேன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"உங்கப்பா மறுநாள் என் வண்டிச் சக்கரத்த இடிபாட்டுலேர்ந்து எடுத்து, சாக்குல சுத்திக் கொண்டுவந்தாரு. 'இது அங்க கெடக்கவே இல்ல'ன்னாரு. அவ்வளவுதான் பேச்சு. நாலரை வருஷமா உன் மூஞ்சியப் பாக்காம ரொட்டி கட்டறேனே, என்னன்னு நெனச்ச?"

"வெறுப்புன்னு நெனச்சேங்க."

"அப்படியே நெனச்சிருக்கலாம் நீ."

பிறகு என் தாளை மடித்து என் கையிலேயே வைத்தார். "கொண்டுபோய்க் குடு. நான் தடுக்கமாட்டேன். கட்டைய எடுத்தது யாருக்காகன்னு அடுத்த கேள்வி கேப்பாங்க, நான் ஒத்துக்கறேன். என் பிள்ளைங்க ரெண்டுக்கும் மட்டும் நீயே சொல்லிடு. என் வாயால வராது."

மாடியில் அந்தப் பிள்ளைகள் எதையோ உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு.

நகரசபை வாசல்வரை போனேன். கதவின் கைப்பிடியைக்கூடப் பிடித்தேன். கையுறை நனைந்து போகும்வரை அங்கேயே நின்றேன். பிறகு வீட்டுக்கு வந்து, அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாளை அடுப்பில் போட்டேன். அவர் என்னை அருகில் அழைத்தார். கையைப் பிடித்துக்கொண்டு, "பசிக்குதா?" என்று கேட்டார்.

அவருக்கு மூச்சு கஷ்டமாக இருக்கிறது. வர முடிந்தால் வா.

அட்ராக்டா


பாலினகாரா
1958 மார்ச் 9

அன்புள்ள மாலக்கி அண்ணனுக்கு,

நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை.

அப்பா போன மாதம் இருபத்தைந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை போனதைத் தந்தியில் படித்திருப்பாய். வியாழன் அடக்கத்துக்கு முன் இரண்டு பேருந்துகளையும் போய்ப் பார்த்தேன். பரவாயில்லை. எழுந்து கிளம்பியும் கிளம்ப முடியாமல் இருந்திருப்பாய், எனக்குத் தெரியும்.

இழவு வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்து ஒரு ரொட்டிதான் அறுத்து வைத்தேன். புதன்கிழமை காலையிலேயே மிசஸ் டுக்னன் வந்தார். கடையைச் சாத்திவிட்டு, கூடை நிறைய ரொட்டியும் பன்றிக்கறியும் எடுத்து வந்து, அப்பாவின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் இருக்கிறார் என்று தெரிந்ததும் ஊரே வந்தது. பின்வாசல்வரை ஆட்கள். கில்ஃபாய்லின் மனைவி தேநீர்க் கோப்பையோடு என் காதருகே வந்தாள்.

"பாத்தியா, புருஷனக் கொன்னவனுக்கு வந்து ஜெபமாலை சொல்றா. என்ன பெரிய மனசு அவளுக்கு. நீ நன்றியோட இருக்கணும்."

மிசஸ் டுக்னனுக்கு அது கேட்டது. ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றுவிட்டன. முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். நான் கில்ஃபாய்லின் மனைவியிடம், "ஆமாங்க, பெரிய மனசு" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை பிப்ரவரியின் கடைசி நாள். அலுவலகத்துக்குப் போனேன்.

"அடுத்த வாரம் வந்தாப் போதும்மா. அந்த வரிய வேற யாரையாவது எழுதச் சொல்றேன், நீ சிரமப்படாத" என்றார் ஹெஸ்லின் ஐயா.

"நானே எழுதறேங்க" என்றேன்.

விட்டு வைத்த இடம் சரியாக இருந்தது. அப்பாவின் பெயரை நிதானமாக எழுதினேன். மை பரவவில்லை. ஹெஸ்லின் ஐயா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, படியெடுத்தவர் கடைசியில் ஒரு வரி எழுத வேண்டும், அதுதான் விதி என்று வாசகத்தைச் சொன்னார். "மேலே உள்ளவை யாவும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை." அதையும் எழுதினேன். அவர் விரலால் இடத்தைக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன், அண்ணா.

திங்கட்கிழமை இடிக்க ஆரம்பிக்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
அட்ராக்டா ஃபீனி